பீனிசமும் கத்தியும்

கொழும்புத்துறை, பாசையூர், குருநகர் எனத் தொடரும் யாழ்ப்பாணக் கடனீரேரிக் கரையிலே பீனிசம் என்ற சொல்லை அறியாதார் இலர். நெற்றி கனத்தல், கன்னம் நோதல், மூக்கடைத்தல், சளி தொண்டைக்குள் இறங்குதல் ஆகிய யாவற்றையும் அவ்வொரு சொல்லே குறிக்கும். நொச்சியிலை இட்டு ஆவி பிடித்தலும், தலைக்குத் தைலம் வைத்தலும், மூக்கில் நசியம் விடுதலும் நாட்டு வைத்தியர் இதற்கு வகுத்த முறைகளாம். கரையிலிருப்போர்க்கு இது தொல்லை. கடலில் மூழ்கிச் சங்கு குளிப்போர்க்கோ ஆபத்து. முகவெலும்பினுள் அமைந்த காற்றறைகளின் வாயில் அடைபட்டிருக்கையில் ஒருவன் மூழ்குவானாயின், வெளியமுக்கத்துக்கு ஈடாக உள்ளே காற்றுச் செல்ல வழியில்லை. பத்து மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இருமடங்காகிறது. நெற்றியிற் குத்துவலி எழும். மூக்கால் இரத்தம் வடிதலும் உண்டு.

இந்நோய்க்குக் கத்தி எடுத்தோர் மேனாட்டார். எனினும் அம்மேனாட்டுச் சத்திரவைத்தியம் தமிழில் நூலுருப் பெற்ற இடம் யாழ்ப்பாணமே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1847 இல் இங்கு வந்து மானிப்பாயிற் பணிபுரிந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தம் மாணவர்க்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். 'இரண வைத்தியம்' 1867 இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872 இலும் வெளிவந்தன. ஆயின் அக்காலத்தில் இலண்டனிலும் பொஸ்ரனிலும் கூடக் காற்றறை நோய்க்குச் செம்மையான சத்திரசிகிச்சை இருக்கவில்லை.

அன்று இருந்த வழி பல் பிடுங்குதலே. 1651 இல் நதானியேல் ஹைமோர் என்னும் ஆங்கில வைத்தியர் கன்னக் காற்றறையை விவரித்தபோது ஒரு பெண்ணின் கதையையும் எழுதிவைத்தார். பல் பிடுங்கிய குழியிலிருந்து ஓயாது நீர் வடிய, அவள் ஓர் இறகை அத்துவாரத்துட் செலுத்திப் பார்த்தாள். இறகு போய்க்கொண்டே இருந்தது. மூளையைத் தொட்டுவிட்டதென அவள் நடுங்கினாளாம்! மேற்கடைவாய்ப் பல்லின் வேர் அக்காற்றறையின் தளத்தை அடுத்திருப்பதால், பல்லைப் பிடுங்கிச் சீழை வடியவிடும் முறை பதினெட்டாம் நூற்றாண்டிற் பரவலாயிற்று.

1893 இல் நியூயோர்க்கில் ஜோர்ஜ் கோல்ட்வெல்லும், 1897 இல் பாரிசில் ஹென்றி லூக்கும் தனித்தனியே வேறொரு முறையை வெளியிட்டனர். மேலுதட்டின் உட்புறத்தை வெட்டி, கன்னவெலும்பைத் துளைத்து, நோயுற்ற சவ்வு முழுவதையும் சுரண்டி எடுத்து, மூக்கினுள் தாழ்ந்த ஓரிடத்தில் வடிகால் அமைப்பதே அது. இருவர் பெயராலும் வழங்கிய இம்முறை ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கோலோச்சியது. முகம் வீங்கியது; கன்னமும் பல்லும் மரத்துப்போனவர் பலர். நோய் மீளவும் வந்தது. ஏன்?

நீர் பள்ளம் நோக்கி ஓடும் என்பது உழவனுக்கும் தெரியும். சத்திரவைத்தியரும் அதனை நம்பியே தாழ்விடத்தில் துளையிட்டனர். ஆனால் காற்றறையிலுள்ள சளி நீரன்று. சவ்வின்மீதுள்ள நுண்ணிய பிசிர்கள் ஓயாது அசைந்து, அதனை இயற்கை வாயில் நோக்கியே தள்ளிச் செல்கின்றன. கன்னக் காற்றறையில் அவ்வாயில் மேலே இருக்கிறது. ஆகவே சளி மேல்நோக்கி ஏறுகிறது. மனிதன் வெட்டிய வாயிலைக் கடந்து அடைபட்ட பழைய வாயிலையே நாடுகிறது. 1930களில் அமெரிக்கரான அன்டர்சன் ஹில்டிங் பிசிர்களின் தொழிலை ஆராய்ந்தார். ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் வால்டர் மெசர்கிளிங்கர் இப்பாதைகளைப் பல ஆண்டுகள் நுணுகிக் கண்டு, 1978 இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். நோயின் மூலம் பெரும்பாலும் பெரிய அறையில் இல்லை, அதன் வாயிலையடுத்த ஒடுங்கிய இடுக்கிலே உள்ளது என்பது அவர் முடிபு. அவ்விடுக்கைச் சீர்செய்தால் சுரண்டப்படவிருந்த சவ்வு தானே தேறுவதைக் கண்டார். கத்தி சிறுத்தமைக்குக் கருவியின் நுட்பமே காரணமெனப் பலர் கூறுவர். அது பாதி உண்மையே. வெட்ட வேண்டிய இடம் சிறிதென அறிந்த பின்னரே சிறு கருவிக்குப் பயன் வந்தது.

அக்கருவியும் காலத்தில் வந்தது. பிரித்தானியப் பௌதிகவியலாளர் ஹரல்ட் ஹொப்கின்ஸ் 1959 இல் வகுத்த கண்ணாடிக்கோல் வில்லைகள், நான்கு மில்லிமீற்றர் தடிப்புள்ள குழாயினூடே மூக்கின் உட்புறத்தைத் தெளிவாகக் காட்டின. 1970களிற் பரவிய சி.ரி. ஸ்கான், கண்ணையும் மூளையையும் பிரிக்கும் கடதாசி போன்ற எலும்புகளை வைத்தியர்க்கு முன்னரே அறிவித்தது. 1985 இல் அமெரிக்காவில் டேவிட் கென்னடி இம்முறைக்குத் தொழிற்பாட்டு உள்நோக்கிச் சத்திரசிகிச்சை எனும் பொருள்படப் பெயரிட்டார். முகத்தில் வெட்டில்லை, மூக்கின் வழியே சென்று மூக்கின் வழியே மீள்வர். சிகிச்சையின் பின் உப்புநீரால் மூக்கைக் கழுவுமாறு பணிப்பர். நசியத்தை அறிந்த கொழும்புத்துறை முதியோர்க்கு அது புதுமையாகத் தோன்றாது.

2005 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பலூன் முறையோ வெட்டுதலையே தவிர்க்க முயல்கிறது. இதயக் குருதிக்குழாயை விரிக்க 1977 இல் கையாளப்பட்ட உத்தியே இங்கு மூக்குக்கு வந்தது. மெல்லிய கம்பியொன்றைக் காற்றறை வாயிலினூடே செலுத்தி, அதன்மீது சிறு பலூனை ஏற்றி, சில வினாடிகள் ஊதி வாயிலை விரிப்பர். நெற்றி, கன்னக் காற்றறைகளுக்கு இது பொருந்தும். கண்களுக்கிடையே தேனடை போலமைந்த சிற்றறைகளை நோய் பற்றியிருப்பின், அல்லது மூக்கில் தசை வளர்ந்திருப்பின், பலூன் மட்டும் போதாது. அத்தகையோர்க்கு உள்நோக்கியும் வெட்டுக்கருவியுமே இன்றும் வேண்டியிருக்கின்றன.