கறுப்பு சைக்கிளில் இருந்ததும் ரேஸ் சைக்கிளில் இல்லாததும்

குற்றாலத்துச் சாரலில் காலங்காத்தால ஒல்லி டயர் சைக்கிள் மிதிக்கிற ஆட்களை இப்பல்லாம் தென்காசி ரோட்டில் அடிக்கடி பார்க்கலாம். மத்தளம்பாறையில் குடியேறின ஜோஹோ ஸ்ரீதர் வேம்பு சைக்கிளில் போற படங்கள் பத்திரிகைகளில் வந்தபிறகு ஆசை இன்னும் கொஞ்சம் கூடியிருக்கு. ஆசைப்பட்டு வாங்குறவங்க எல்லாரும் அடுத்து கேட்கிற கேள்வி ஒண்ணுதான். "அண்ணாச்சி, வண்டி வாங்கியாச்சு, கூட என்னல்லாம் வாங்கணும்?"

கடைக்காரர் நீளமா ஒரு லிஸ்ட் கொடுப்பார். நான் சொல்ல வர்றது வேற. இந்தக் கேள்விக்கான பதில் சரித்திரத்தில் இருக்கு. நம்ம தாத்தா வச்சிருந்த கறுப்பு சைக்கிளில் தேவையானது முக்கால்வாசி ஏற்கெனவே இருந்தது. ரேஸ்காரங்க அதை ஒவ்வொண்ணா கழற்றிப் போட்டாங்க. அவங்க கழற்றினதில் எதையெல்லாம் நாம திரும்ப மாட்டணும்னு தெரிஞ்சா போதும்.

முதலில் கறுப்பு வண்டி

ரெண்டு சக்கரமும் ஒரே அளவு, பின்சக்கரத்துக்கு செயின் என்கிற இன்றைய உருவத்தை நிலைநிறுத்தினது 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் சைக்கிள். 1888-இல் பெல்பாஸ்டில் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த வண்டியின் வாரிசுகள்தான் கப்பலேறி நம்ம ஊருக்கு வந்த ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம். 1949-இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்து கம்பெனியோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸை ஆரம்பிச்சு, அம்பத்தூரிலேயே வண்டி செய்ய ஆரம்பித்தார்கள்.

அந்த வண்டி சாதாரண உடுப்பில், மழையில், வேலைக்குப் போற ஆளுக்காகச் செய்தது. அதனால் முழு மட்கார்டு, வேட்டி மாட்டாமல் இருக்க செயின் கவர், கேரியர், ஸ்டாண்டு, பெல். டைனமோவுக்கும் பூட்டுக்கும் மட்டும் தனிக் காசு. பின் மட்கார்டின் அடியில் வெள்ளை பெயிண்ட், நடுவில் சிவப்பு ரிஃப்ளெக்டர். மொத்த எடை 20 கிலோ பக்கம் வரும். இன்றைக்கு பன்னாட்டு சைக்கிள் சம்மேளனம் பந்தய வண்டிக்கு வச்சிருக்கிற குறைந்தபட்ச எடை 6.8 கிலோ. இரும்பு போய் கார்பன் வந்ததில் பாதி எடை போச்சு, மீதி இந்தச் சாமான்களோட போச்சு.

கொல்லன் பட்டறையும் பஞ்சர் கிட்டும்

1903-இல் ஆரம்பிச்ச டூர் டி பிரான்ஸில் ஆரம்ப காலத்தில் வெளியாள் உதவி கூடாதுன்னு கடுமையான சட்டம். 1913-இல் யூஜின் கிறிஸ்டோஃப் என்பவருக்கு மலை இறக்கத்தில் முன் ஃபோர்க் உடைஞ்சு போச்சு. மனுஷன் சைக்கிளைத் தூக்கிக்கிட்டு பல மைல் நடந்து, ஒரு கிராமத்துக் கொல்லன் பட்டறையில் தானே காய்ச்சி அடிச்சு ஒட்ட வச்சார். துருத்தியை ஒரு பையன் ஊதினான்னு அதுக்கும் அபராதம் போட்டாங்க! ;-)

பின்னால் சட்டம் தளர்ந்தது. டீம் கார் சக்கரத்தோட பின்னாடியே வர ஆரம்பிச்சது. பம்பும் பஞ்சர் சாமானும் பந்தய வண்டியில் இருந்து காணாமல் போச்சு. நமக்குப் பின்னாடி வர்றது டீம் கார் இல்லை மக்கா, கேரளாவுக்குப் போற லாரி.

அதனால் முதல் செலவு: மாற்று டியூப் ரெண்டு, டயர் நெம்புகிற லீவர் ரெண்டு, பஞ்சர் ஒட்டும் கிட், கையடக்க பம்பு, அலன் கீ செட்டு. வழியில் சைக்கிள் கடை இருக்கேன்னு நம்ப வேண்டாம். அங்கே இருக்கிற பம்பு பெரும்பாலும் வால்டியூப் போட்ட கறுப்பு சைக்கிளுக்கானது. ரோடு சைக்கிளின் ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்கு அது உட்காராது. சின்ன பித்தளை அடாப்டர் ஒண்ணு பையில் கிடந்தால் அதே பம்பில் காற்றடிச்சுக்கலாம். அப்புறம், சக்கரத்தைக் கழற்றி மாட்டுறதை வீட்டுத் திண்ணையில் நாலு தடவை செஞ்சு பழகணும். நடுரோட்டில் பழகக் கூடாது.

கியரும் செங்கோட்டைக் காற்றும்

டூர் டி பிரான்ஸை ஆரம்பிச்ச ஆன்றி தெக்ராஞ்சுக்கு கியர் என்றாலே ஆகாது. கியரெல்லாம் வயசானவங்களுக்குத்தான் என்பது அவர் கட்சி. 1937 வரைக்கும் அந்தப் பந்தயத்தில் செயின் மாற்றும் கியருக்கு அனுமதி இல்லை. நம்ம ஆட்களில் சிலர் இன்னமும் தெக்ராஞ்ச் கட்சியில் இருக்காங்க. பெரிய கியரில் முக்கி மிதிச்சால்தான் வீரம்னு நினைப்பு. ரெண்டே மாசத்தில் முட்டி பதில் சொல்லும்.

தென்காசிக்காரனுக்கு மலையை விட காற்றுதான் முதல் ஏற்றம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியா புகுந்து வரும். இந்தப் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்கிறதே அதனால்தான். அதனால் சீசன் நேரத்தில் முதலில் மேற்கே குற்றாலம், செங்கோட்டை பக்கம் போங்க. தெம்பு இருக்கும்போதே எதிர்காற்றை முடிச்சுட்டா, திரும்பும்போது காற்றே வீட்டில் கொண்டு விடும். உற்சாகமா பாவூர்சத்திரம் பக்கம் பறந்து போனால், திரும்புற வழியில்தான் தெரியும் சேதி. எதிர்காற்றில் சின்ன கியர் போட்டு வேகமா காலைச் சுத்துங்க, அவ்வளவுதான்.

விளக்கு

லைட் இல்லாமல் வந்தாலும் டபுள்ஸ் வந்தாலும் போலீஸ் பிடிச்ச காலம் ஒண்ணு உண்டு. டைனமோ மிதிச்சால் எரியும், நின்னால் அணையும். அந்த வண்டியிலும் வெள்ளை பெயிண்டும் ரிஃப்ளெக்டரும் பின்னாடி வர்றவனுக்கு ஆளைக் காட்டிக் கொடுத்தது. ரேஸ் வண்டியில் மட்கார்டே இல்லை, அப்புறம் பெயிண்டும் ரிஃப்ளெக்டரும் எங்கே?

1891-இல் பாரிஸில் இருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1200 கிலோமீட்டர் பந்தயம் நடந்தது. அந்த வழியில் வந்த பிரெவே என்கிற நெடுந்தூர சவாரிகள் இப்போ தமிழ்நாட்டிலும் நடக்குது. 200 கிலோமீட்டரை பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கணும். அதில் முன்விளக்கும் பின்விளக்கும் ஒளி திருப்பும் சட்டையும் இல்லாமல் ராத்திரி மிதிக்க விடமாட்டாங்க. அந்தச் சட்டத்தை நாமும் எடுத்துக்கலாம். சாரல் மூடின காலையிலும் பின்னால் சிவப்பு விளக்கு எரியட்டும். நான்குவழிச் சாலையில் வேகமா வர்றவனுக்கு நீங்க இருக்கிறது தெரிஞ்சால்தான் அவன் விலகுவான்.

ஹெல்மெட்

பந்தயக்காரங்களே இதை லேசில் ஏத்துக்கலை. 1991-இல் கட்டாயமாக்கப் பார்த்தப்போ போராட்டம் பண்ணினாங்க. 1995-இல் டூர் டி பிரான்ஸ் மலை இறக்கத்தில் ஃபாபியோ கசார்டெல்லி விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். 2003-இல் பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் ஆந்த்ரே கிவிலெவ் இறந்தபிறகுதான் கட்டாயம் வந்தது. ரெண்டு பேர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. நம்ம ஊரில் சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டம் கிடையாது, போலீஸ் பிடிக்க மாட்டார். அதுக்காக வாங்காமல் இருந்துடாதீங்க.

குரங்குப் பெடல்

அந்தக் காலத்தில் பாருக்கு அடியில் காலை விட்டு குரங்குப் பெடல் போட்டது ஸ்டைலுக்காக இல்லை, வண்டி பெரிசு, ஆள் சின்னது. இன்றைக்கு தள்ளுபடியில் கிடைக்குதேன்னு தப்பான சைஸ் ஃப்ரேம் வாங்குறதும் அதே கதைதான். இடுப்பும் கழுத்தும் வலிக்கும். புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்து வழியா ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அதில் சிலர் லேடீஸ் சைக்கிளை விட பார் வச்ச ஜென்ட்ஸ் சைக்கிள்தான் வேணும்னாங்க, குழந்தையை உட்கார வைக்க வசதின்னு. வண்டி வாங்கும்போது அந்தப் பெண்கள் மாதிரி யோசிக்கணும். நமக்கு எது தேவை என்பதுதான் கேள்வி.

டயரிலும் அப்படித்தான். 23 மி.மீ. ஒல்லி டயர்தான் வேகம்னு வருஷக்கணக்கா சொன்னவங்க, இப்போ பந்தயத்திலேயே 28 மி.மீ. போட ஆரம்பிச்சுட்டாங்க. நம்ம ரோட்டுக்கு ஃப்ரேமில் இடம் இருந்தால் 28-க்குக் குறையவே வேண்டாம்.

ஆக, வாங்குற வரிசை: சரியான சைஸ் வண்டி, ஹெல்மெட், விளக்குகள், பஞ்சர் சாமானும் பம்பும், தண்ணி பாட்டில், பிறகு கழற்றி மாட்டுற மட்கார்டு. பேடு வச்ச டிரவுசர் ஒரு மாசம் கழிச்சு. கிளிப் ஷூவெல்லாம் அடுத்த வருஷம்.

ரூட்டும் அதே நிதானத்தில் வரட்டும். முதலில் தென்காசி-குற்றாலம், பிறகு ஐந்தருவி, பழைய குற்றாலம். நனைஞ்ச ரிம்மில் பிரேக் உடனே பிடிக்காது, இறக்கத்தில் முன்கூட்டியே மெதுவா பிடிச்சுப் பழகுங்க. அந்தப் பழக்கம் கைக்கு வர்ற வரைக்கும் புளியரை எஸ் வளைவு பக்கம் போகவேண்டாம். அது எங்கேயும் ஓடிப் போகாது.