சினைக் குதிரை தந்த மாத்திரை

பிரிமரின் என்று ஒரு மாத்திரை. முட்டை வடிவம், கருஞ்சிவப்பு நிறம். பெயரைக் கேட்டால் ஏதோ பூவின் பெயர் போலத் தோன்றும். 'ப்ரெக்னன்ட் மேர்ஸ் யூரின்' என்ற மூன்று ஆங்கிலச் சொற்களின் துண்டுகளை ஒட்டிச் செய்த பெயர் அது. சினைக் குதிரையின் மூத்திரம் என்று பொருள். மாதவிடாய் நிற்கும் வயதில் உடம்பு தகித்து, இரவெல்லாம் வியர்த்துத் தூக்கம் கெட்ட பெண்களுக்கு 80 ஆண்டுகளுக்கும் மேலாக டாக்டர்கள் எழுதிக்கொடுத்துவரும் மருந்து.

ஹார்மோன் மாத்திரை என்றதும் 'ஐயோ, கேன்சர் வந்துடுமாமே' என்று கையை உதறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என்ன ஏது என்று கேட்காமல் வருஷக்கணக்காக விழுங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் இந்த மாத்திரை பிறந்து வளர்ந்த கதையைச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. எந்தப் பயம் எந்த வருஷத்தில் எதனால் வந்தது என்று தெரிந்தால்தான், அது நம்முடைய பயமா, வேறு யாருக்கோ உரிய பயமா என்று பிரித்துப் பார்க்க முடியும்.

1923-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எட்கர் ஆலன், எட்வர்ட் டாய்சி என்ற இருவர் பன்றியின் சினைப்பையிலிருந்து நீரை எடுத்து, சினைப்பை நீக்கப்பட்ட எலிகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். அந்த எலிகளுக்கு மறுபடி பருவம் வந்தது. அந்த நீரில் இருந்த பொருளைத்தான் இன்று ஈஸ்ட்ரோஜன் என்கிறோம். 1929-ல் டாய்சி அதைக் கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்தார். அதே வருஷம் ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டனாண்ட்டும் தனியாக அதைச் செய்து முடித்தார்.

பொருள் கிடைத்துவிட்டது, ஆனால் வாய்வழியாகக் கொடுத்தால் ஈரல் அதைச் சிதைத்துவிடும். ஊசியாகத்தான் போட வேண்டும். இந்த இடத்தில் கனடாவின் மான்ட்ரியல் நகருக்குப் போக வேண்டும். அங்கே மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கோலிப் இருந்தார். இன்சுலினை மனிதர்களுக்குப் போடும் அளவுக்குச் சுத்தப்படுத்திக் கொடுத்தவர் இவர்தான். 1930-ல் நஞ்சுக்கொடியிலிருந்து ஒரு சாறு எடுத்தார். தண்ணீரில் கரைந்தது, வாயில் கொடுத்தாலும் வேலை செய்தது. ஏயர்ஸ்ட் என்ற உள்ளூர் மருந்து நிறுவனம் அதை எம்மெனின் என்ற பெயரில் விற்றது. பிறகு நிறைமாதக் கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்தும் அதைத் தயாரித்தார்கள். எத்தனை கர்ப்பிணிகளிடம் போய்ச் சிறுநீர் சேகரிப்பது? விலை ஏறியது, வீரியம் போதவில்லை.

வழி காட்டியவர் பெர்லினில் இருந்த பெர்ன்ஹார்ட் சோண்டெக். சினைக் குதிரையின் சிறுநீரில் இந்த ஹார்மோன் மனிதக் கர்ப்பிணியிடம் இருப்பதைவிடப் பல மடங்கு இருப்பதை 1930-ல் அவர் கண்டார். அவர் யூதர். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் வேலை பறிபோய், கடைசியில் ஜெருசலேமில் போய்க் குடியேறினார். குதிரையின் உடம்பு அந்த ஹார்மோனோடு ஒரு சல்ஃபேட்டைக் கோத்து வெளியேற்றுகிறது. அதனால் அது தண்ணீரில் கரைகிறது, வாய்வழியாகவும் பலிக்கிறது. மனித உடம்பு தயாரிக்காத ஈக்குவிலின் போன்ற ஈஸ்ட்ரோஜன்களும் அதில் உண்டு. சொல்லப்போனால் பிரிமரின் ஒற்றை மருந்தே அல்ல, பல ஈஸ்ட்ரோஜன்களின் கூட்டு.

ஏயர்ஸ்ட் நிறுவனம் 1941-ல் கனடாவிலும் 1942-ல் அமெரிக்காவிலும் பிரிமரினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்னாளில் மனிடோபா மாநிலத்தின் பிராண்டன் நகரம் அதற்கு மையமானது. சுற்றிலும் குதிரைப் பண்ணைகள். குளிர்கால மாதங்களில் சினைக் குதிரைகளைக் கொட்டிலில் வரிசையாகக் கட்டி, பின்புறம் ரப்பர் பை பொருத்திச் சிறுநீர் பிடிப்பார்கள். வசந்தத்தில் குட்டி பிறக்கும். அந்தக் குட்டிகளை என்ன செய்வது என்பது அந்தப் பண்ணைகளில் தீராத கேள்வியாகவே இருந்தது. பல குட்டிகள் இறைச்சிக்குப் போயின. இதைச் சொல்லாமல் இந்த மாத்திரையின் கதையைச் சொல்வது நியாயமில்லை.

சரி, மாத்திரை எதற்காகப் பிறந்தது? தகிப்புக்காக. நம் மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி உடல் வெப்பத்தைக் காவல் காக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அந்தக் காவல் அளவுக்கு மீறி உஷாராகிவிடுகிறது. வெப்பம் இம்மி கூடினாலும், உடம்பே கொதிப்பதுபோல எண்ணித் தோலின் ரத்தக் குழாய்களைத் திறந்து வியர்வையைக் கொட்டவைக்கிறது. மார்கழி இரவிலும் போர்வையை உதறி எழுந்து உட்காரும் பெண்ணுக்கு நடப்பது இதுதான். அது மனப்பிரமையும் இல்லை, வேஷமும் இல்லை. இந்தத் தகிப்பை அடக்க ஈஸ்ட்ரோஜனைவிடச் சிறந்த மருந்து இன்றைக்கும் கிடையாது. கதை இங்கேயே நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நிற்கவில்லை. 1966-ல் ராபர்ட் வில்சன் என்ற நியூயார்க் மகப்பேறு மருத்துவர் 'ஃபெமினைன் ஃபாரெவர்' என்று ஒரு புத்தகம் எழுதினார். மாதவிடாய் நிற்பது வயதின் இயல்பு அல்ல, சர்க்கரை நோய் போல ஒரு குறைபாட்டு நோய்; ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்டால் பெண்மை குன்றாது என்பது அவர் வாதம். புத்தகம் அமோகமாக விற்றது. அவருடைய அறக்கட்டளைக்கு மருந்து நிறுவனங்களின் பணம் போனது பிறகு வெளியே வந்தது. என் கணக்கில் இந்தக் கதையின் முதல் குற்றம் இதுதான்: அவதிக்குக் கொடுத்த மருந்தை இளமைக்கு விற்றது. தகிப்பு உள்ள பெண்ணுக்கு மருந்து தேவை. இளமை வேண்டும் என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை? வயதான எல்லாப் பெண்களும் வாடிக்கையாளர்கள் ஆனார்கள். 1975-ல் அமெரிக்காவில் மிக அதிகமாக எழுதப்பட்ட மருந்துகளில் பிரிமரின் ஐந்தாவது இடத்தில் இருந்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் இரண்டு ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஓர் ஆய்வில் நான்கரை மடங்கு, இன்னோர் ஆய்வில் ஏழரை மடங்குக்கும் மேல். காரணம் சிக்கலானது அல்ல. மாதாமாதம் கர்ப்பப்பையின் உட்சுவரை வளரச் செய்வது ஈஸ்ட்ரோஜன். வளர்ந்ததை அடக்கி வைப்பது புரோஜெஸ்ட்ரோன். ஒன்றை மட்டும் கொடுத்தால் சுவர் கட்டுப்பாடில்லாமல் தடிக்கும். வருஷக்கணக்கில் தடித்தால் அதில் புற்று முளைக்கலாம். 1977-ல் அமெரிக்க அரசு, ஈஸ்ட்ரோஜன் வாங்கும் ஒவ்வொரு பெண்ணின் கையிலும் ஆபத்துகளைச் சொல்லும் தாள் ஒன்று சேர வேண்டும் என்று ஆணையிட்டது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக் கசக்கி எறிகிறோமே, அதற்காகப் பெண்கள் அமைப்புகள் போராடியிருக்கின்றன.

பாதை பிரிந்தது இங்கேதான். கர்ப்பப்பை இருக்கும் பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்தும் சேர வேண்டும். கர்ப்பப்பையை எடுத்துவிட்ட பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். 'ஹார்மோன் மாத்திரை' என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் இரண்டு வைத்தியம். பின்னால் வந்த குழப்பத்தில் பாதி இதை மறந்ததால் வந்தது.

எண்பதுகளில் மாத்திரைக்கு இரண்டாம் வாழ்வு கிடைத்தது. எலும்பு தேய்வதைத் தடுக்கிறது என்பது உறுதியானது. கூடவே இதயத்தையும் காக்கிறது என்ற பேச்சு கிளம்பியது. அமெரிக்க நர்சுகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வில், ஹார்மோன் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் ஹார்மோன் சாப்பிட்டவர்கள் யார்? பெரும்பாலும் வசதியுள்ளவர்கள், டாக்டரிடம் ஒழுங்காகப் போகிறவர்கள், உடம்பைப் பேணுகிறவர்கள். அவர்கள் இதயம் நன்றாக இருந்ததற்கு மாத்திரைதான் காரணமா, அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை காரணமா? சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தால் ஒழிய இதைச் சொல்ல முடியாது.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் முதல் பெண் இயக்குநர் பெர்னடீன் ஹீலி 1991-ல் அதைத் தொடங்கிவைத்தார். பெண்கள் நல முன்முயற்சி என்ற அந்தப் பெரும் ஆய்வின் ஒரு பகுதியில் கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்கள் பிரிமரினும் புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்து ஒன்றும் சேர்ந்த மாத்திரையையோ வெறும் மாத்திரையையோ சாப்பிட்டார்கள். 2002 ஜூலையில், சராசரி ஐந்தேகால் ஆண்டு ஓடிய நிலையில், பாதியில் நிறுத்தினார்கள்.

உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி: மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம். பெண்கள் மாத்திரையைக் குப்பையில் போட்டார்கள். டாக்டர்கள் எழுதுவதை நிறுத்தினார்கள். மனிடோபாவில் பண்ணைகளின் ஒப்பந்தங்கள் ரத்தாகி ஆயிரக்கணக்கான குதிரைகள் விலைக்குப் போயின.

அந்த 26 சதவீதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். மருந்து சாப்பிடாத 10,000 பெண்களில் ஒரு வருஷத்தில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. சாப்பிட்டவர்களில் 38 பேருக்கு. கூடுதலாக 8 பேர். அதேபோல் மாரடைப்பு 7 பேருக்குக் கூடியது, பக்கவாதம் 8, நுரையீரலில் ரத்தக்கட்டி 8. இன்னொரு தட்டில், இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்கும் பெருங்குடல் புற்றுநோய் 6 பேருக்கும் குறைந்தது. எட்டுப் பேர் என்பது சின்ன எண் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த எட்டில் ஒருத்திக்கு அது முழு உலகம். இதயத்தைக் காக்கும் என்று நம்பி, எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணுக்குக் கொடுக்கிற மருந்து இத்தனை கெடுதல் செய்யக் கூடாது. ஆய்வை நிறுத்தியது சரி. ஆனால் ராத்திரி தூங்க முடியாமல் தவிக்கும் 49 வயதுக்காரியின் கணக்கு வேறு. அவளுக்கு அந்த 26-ஐ மட்டும் சொல்லிப் பயமுறுத்தியதுதான் தவறு.

இன்னொன்றும் அன்று பேசப்படவில்லை. ஆய்வில் இருந்தவர்கள் 50 முதல் 79 வயதுவரை, சராசரி 63. பெரும்பாலோருக்கு மாதவிடாய் நின்று பத்து வருஷத்துக்கும் மேல். ரத்தக் குழாய்கள் ஏற்கெனவே தடித்திருந்த வயதில் புதிதாக ஹார்மோனைத் தொடங்கினார்கள். கர்ப்பப்பை இல்லாத 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த பகுதி 2004-ல் நின்றது. பக்கவாதம் அதிலும் கூடியது. மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. நீண்ட காலம் தொடர்ந்து பார்த்தபோது குறைந்தே இருந்தது. இந்தச் செய்திக்குத் தலைப்புச் செய்தியில் இடம் கிடைக்கவில்லை.

இதிலும் எல்லாரும் ஒரே முடிவில் இல்லை. பல நாடுகளின் 58 ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் 'லான்செட்' இதழில் வந்த கணக்குப்படி, 50 வயதில் தொடங்கி ஐந்து ஆண்டு இரண்டு ஹார்மோன்களையும் தினமும் சாப்பிட்டால் 50 பேரில் ஒருவருக்கு அடுத்த 20 ஆண்டுகளில் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வரலாம். ஈஸ்ட்ரோஜன் மட்டும் என்றால் 200 பேரில் ஒருவருக்கு. இந்த எண்கள் பெரும்பாலும் மேற்கத்தியப் பெண்களுடையவை என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

இன்று மருத்துவச் சங்கங்கள் சொல்வது ஏறக்குறைய இதுதான்: 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற பத்து ஆண்டுகளுக்குள், தகிப்பு தாங்க முடியாத ஆரோக்கியமான பெண்ணுக்கு நன்மையின் தட்டு தாழ்கிறது. தோலில் ஒட்டும் பட்டை வழியாகக் கொடுத்தால் மருந்து முதலில் ஈரலுக்குப் போவதில்லை. ரத்தக்கட்டி பயம் மாத்திரையைவிடக் குறைவு. பிறப்புறுப்பு வறட்சிக்கு உள்ளே தடவும் க்ரீமில் ஹார்மோனின் அளவு மிகச் சிறிது. அதை முழு மாத்திரையோடு சேர்த்துப் பயப்படத் தேவையில்லை. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இந்த மருந்துகளின் மேல் கறுப்புக் கட்டம் கட்டிப் போட்டிருந்த எச்சரிக்கையில் பெரும்பகுதியை நீக்கப்போவதாக அறிவித்தது. கர்ப்பப்பைப் புற்றுநோய் பற்றிய எச்சரிக்கையை மட்டும், ஈஸ்ட்ரோஜன் தனியாகச் சாப்பிடுகிறவர்களுக்காக அப்படியே வைத்திருக்கிறார்கள். 1975-ன் பாடம் மாறவில்லை.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், பக்கவாதமோ மாரடைப்போ காலில் ரத்தக்கட்டியோ கண்டவர்கள், ஈரல் கெட்டவர்கள் இந்த மாத்திரைப் பக்கம் போகக் கூடாது. மற்றவர்கள் டாக்டர் முன்னால் உட்காரும்போது, 'எனக்குக் கர்ப்பப்பை இருக்கு' அல்லது 'எடுத்தாச்சு' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மாதவிடாய் நின்று எத்தனை வருஷம் என்பதை அடுத்துச் சொல்லுங்கள். எதற்காகத் தருகிறீர்கள், எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ஹார்மோன் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், தீட்டு நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டால்கூட, 'சூட்டினால இருக்கும்' என்று வீட்டில் வைத்திருக்காமல் அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.