மணல் வடிகட்டி (நீச்சல் குளம்)

நீச்சல் குளத்து நீரின் தூசியையும் அழுக்கையும் மணல் படுகையில் பிடித்துவைக்கும் தொட்டி. சுத்தமான நிலையில் மீட்டர் காட்டிய அழுத்தத்தைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ கூடினால் பேக்வாஷ் (நீரை எதிர்த்திசையில் செலுத்தி மணலைக் கழுவுதல்) செய்ய வேண்டும். பம்பை நிறுத்திய பிறகே வால்வுக் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். இல்லையேல் உள்ளே கேஸ்கெட் கிழியும். கண்ணாடிக் குமிழில் முதலில் டிகாஷன் நிறத்தில் ஓடும் நீர், இரண்டு மூன்று நிமிடத்தில் தெளியும். பின் வால்வைச் சிறிது நேரம் ‘ரின்ஸ்’ நிலையில் வைக்க வேண்டும். அதைத் தவிர்த்தால் மிச்ச அழுக்கு குளத்துக்கே திரும்பும்.

ஓசூர் போன்ற பாறை நிலப் பகுதிகளில் போர்வெல் நீர் கடின நீராக இருந்தால் சுண்ணாம்பு படிந்து மணல் கட்டிதட்டும். அதன் நடுவே நீர் வழி பிளந்து, வடிபடாமலே வெளியேறும். ஆண்டுக்கொரு முறையாவது மூடியைத் திறந்து கையால் கிளறிப் பார்ப்பது நல்லது. மணலை ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் மாற்றுவது வழக்கம். குளோரின் கலந்த பேக்வாஷ் நீரை ஓசூரின் ராமநாயக்கன் ஏரி போன்ற நீர்நிலைகளுக்குச் செல்லும் மழைநீர்க் கால்வாயில் விடவே கூடாது.