எள்ளளவு இடைவெளி: நார்லிகர் கதையில் மூன்றாம் பானிபட் போர்

வானியற்பியலாளர் ஜயந்த் நார்லிகர் மராத்தியில் எழுதிய பானிபட் கதையில் போர்க்களத்தைவிட நூலகமே முக்கியமான இடம். பம்பாய் டவுன் ஹாலில் உள்ள ஏசியாடிக் சொசைட்டி நூலகம் அது. வரலாற்றுப் பேராசிரியர் கங்காதர்பந்த் கைதொண்டே, தாமே எழுதிய ஐந்து தொகுதிகளை மேசையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். ஔரங்கசீப்பின் மரணம் வரை எல்லாம் அவர் எழுதியபடியே இருக்கிறது. ஐந்தாம் தொகுதியில்தான் வரலாறு வேறாகிவிட்டது. அதை முன்னிருந்து கொஞ்சமும் பின்னிருந்து கொஞ்சமுமாகப் படித்துக்கொண்டே வந்து, இரு பக்கமும் சந்திக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறார். நம் உலகில் மராத்தியர் தோற்ற மூன்றாம் பானிபட் போரில், அவர் வந்துசேர்ந்திருக்கும் வேறோர் உலகில் மராத்தியரே வென்றிருக்கிறார்கள். கதையின் வலிமையும் குறையும் இந்தத் தேடல் முறையிலேயே ஒருங்கே அடங்கியிருக்கின்றன என்பது என் வாதம்.

பதினோராம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. ஆங்கிலப் பாடநூலில் இதன் சுருக்க வடிவம் இடம்பெற்றதால் பலர் இதை அறிவர். லாரி மோதிய கணத்தில் பானிபட்டைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்த பேராசிரியர் வேறோர் இந்தியாவில் போய் விழுகிறார். கிழக்கிந்தியக் கம்பெனியின் செல்வாக்கு அங்கே பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகியவற்றை ஒட்டிய சிறு பகுதிகளோடு நின்றுவிட்டது. வென்றது எப்படி என்பதற்கு அவருக்குக் கிடைக்கும் விடை ஒரு துப்பாக்கிக் குண்டு. பேஷ்வாவின் மகன் விஸ்வாஸ்ராவின் உயிரைக் குடித்த குண்டு, அங்கே அவர் காதருகே எள்ளளவு இடைவெளியில் விலகிப் போய்விடுகிறது.

முன்னும் பின்னுமாக நெருக்கிக்கொண்டு வரும் முறை கணித அறிஞருக்குப் பழக்கமானது. ஒரு சமன்பாட்டின் தீர்வை இரு எல்லைகளுக்கு நடுவே அடைத்துப் பிடிப்பது போன்றது அது. ஆனால் இரு முனையிலிருந்தும் நெருக்கினால் ஏதாவதொரு புள்ளியில் வந்து நின்றே ஆகவேண்டும். அந்தப் புள்ளியில்தான் காரணமும் இருக்கிறது என்பதற்கு அம்முறையில் எந்த உத்தரவாதமும் இல்லை. இரு வரலாறுகளும் எங்கே பிரிகின்றன என்பதை அது காட்டும். போரில் மராத்தியர் ஏன் தோற்றார்கள் என்பதைக் காட்டாது.

உண்மையான பானிபட்டைப் பார்ப்போம். 1760 அக்டோபரில் மராத்தியப் படைத் தலைவர் சதாசிவராவ் பாவு டில்லிக்கு வடக்கே சென்று குஞ்ச்புராவைப் பிடித்தார். அதே மாத இறுதியில் ஆப்கானிய அரசர் அகமது ஷா அப்தாலி பாக்பத் அருகே யமுனையைக் கடந்து, மராத்தியருக்கும் டில்லிக்கும் நடுவே வந்து அமர்ந்துகொண்டார். தானியம் வரும் வழி அடைபட்டது. பாவுவின் பாளையத்தில் போர்வீரர்கள் மட்டுமா இருந்தார்கள்? பெண்கள், யாத்திரிகர்கள், கடைக்காரர்கள், பணியாட்கள் என்று உண்ணும் வாய்கள் ஏராளம். ஜாட் அரசர் சூரஜ்மல் முன்பே விலகிவிட்டார். ராஜபுத்திரர்கள் வரவில்லை. அப்தாலியின் உணவு வழியைத் தாக்கிவந்த கோவிந்த் பந்த் புந்தேலேயும் டிசம்பரில் கொல்லப்பட்டார். இரண்டு மாதத்துக்கு மேல் அடைபட்டுக் கிடந்து, பசி பொறுக்க முடியாத நிலையில்தான், 1761 ஜனவரி 14 அன்று, அந்தப் படை அகழியைத் தாண்டி வெளியே வந்தது. எதிரணியில் அவத் நவாப் ஷுஜா உத்தௌலாவிடம் பணியாற்றிய காசிராஜ் பண்டிதர் நேரில் கண்டதைப் பின்னாளில் பாரசீகத்தில் எழுதிவைத்தார். மராத்தியரின் பட்டினியை அவர் விரிவாகவே சொல்கிறார். எள்ளளவு இடைவெளி ஒன்றைத் தேடத்தான் வேண்டுமென்றால், அதை விஸ்வாஸ்ராவின் காதருகே தேடுவதைவிட அக்டோபர் மாத யமுனைக் கரையில் தேடுவதே பொருத்தம் என்பேன்.

நார்லிகர் சார்பில் சொல்ல வேண்டியதும் உண்டு. அவருக்குத் தேவைப்பட்டது இயற்பியலுக்கு ஓர் உவமை. பறக்கும் எலக்ட்ரான் எங்கே இருக்கும் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்பதைக் கதையில் வரும் நண்பர் ராஜேந்திர தேஷ்பாண்டே விளக்குகிறார். அதற்கு இணையாகப் போர்க்களத்தில் நிறுத்தக்கூடியது குண்டு ஒன்றுதான். பட்டினியை அப்படி நிறுத்த முடியாது. கைதொண்டே போனது கடந்த காலத்துக்கும் அல்ல, எதிர்காலத்துக்கும் அல்ல. நிகழ்காலத்தின் இன்னொரு கிளைக்கு. அதனால் அவரால் எதையும் மாற்ற முடியவில்லை, படிக்க மட்டுமே முடிகிறது. வரலாற்றாசிரியரின் நிலைமையும் இதுவே. இதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன காலப்பயணக் கதைகள் குறைவு.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கதை உண்டு. வார்ட் மூர் 1953-இல் வெளியிட்ட ‘பிரிங் த ஜூபிலி’ நாவலின் நாயகனும் வரலாற்றாசிரியர்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கு வென்ற உலகில் பிறந்த அவர், 1863-இன் கெட்டிஸ்பர்க்கை நேரில் பார்க்கப் போய், அங்கே தாம் நின்றதாலேயே தெற்கத்தியப் படை ரவுண்ட் டாப் குன்றுகளைப் பிடிக்க முடியாமல் செய்துவிடுகிறார். உண்மைப் போரிலும் ஜூலை 2 அன்று லிட்டில் ரவுண்ட் டாப் காவலின்றிக் கிடப்பதைக் கண்டு, வடக்கத்தியப் படை அதிகாரி குவர்னூர் வாரன் அவசரமாகப் படை வரவழைத்தார். எனவே மூரின் திருப்புமுனைக்கு இடமும் நேரமும் கட்டளைகளும் சேர்ந்த கனம் உண்டு. நார்லிகரின் குண்டுக்கு அந்தக் கனம் இல்லை.

பானிபட்டுக்குப் பிந்தைய வரலாறும் குண்டின் வாதத்துக்கு ஒத்துவரவில்லை. தோற்ற மராத்தியர் பத்தே ஆண்டுகளில், 1771-இல், மகாதஜி சிந்தியாவின் தலைமையில் டில்லிக்குள் நுழைந்து, மறு ஆண்டு இரண்டாம் ஷா ஆலம் தம் அரியணைக்குத் திரும்ப வழி செய்தார்கள். கம்பெனியின் எழுச்சிக்கு 1761-இன் தோல்வி ஒன்றே வாசல் திறந்தது என்று கொள்வது கடினம். கம்பெனி வென்ற பிளாசிப் போர் அதற்கு நான்கு ஆண்டு முந்தியது.

விடையைக் கைதொண்டே கண்டெடுப்பது ‘பாவ்ஸாஹேபாஞ்சி பகர்’ என்ற மராத்தி உரைநடை வரலாற்றிலிருந்து. பகர்களை அவர் சான்றாக அதிகம் நம்புபவர் அல்லர், சுவைக்காகப் படிப்பவர். குண்டைப் பற்றிச் சொல்லும் அந்த நூலின் பக்கமே அவர் சட்டைப்பையில் ஏறி நம் உலகுக்கு வந்து, ஒரே சான்றாக நிற்கிறது. இங்குள்ள பிரதியோடு அதை ஒப்பிட்டால், வேறுபடுவது குண்டு போன வழி மட்டுமே. அப்படியானால் அதற்கு முந்தைய நாட்கள் இரண்டு உலகிலும் ஒன்றுதான். இரண்டிலும் அதே பசித்த படைதான் அகழியைத் தாண்டியது. பிற்பகலில் அப்தாலி களத்தில் இறக்கிய களைப்பில்லாத படைப்பிரிவுகளை அது எப்படி முறியடித்தது? ஐந்தாம் தொகுதி போரை விவரிக்காமல் அதன் விளைவுகளுக்குப் போய்விடுகிறது. கைதொண்டேயும் அந்த நூலகத்தில் காசிராஜின் ஏட்டைக் கேட்டு வாங்கவில்லை.