சுருட்டுப் பெட்டியும் நம் வீட்டு அலமாரியும்



கார்த்திகை மழை ஓய்ந்தபின் அலமாரியைத் திறக்கிறீர்கள். வீட்டுப் பத்திரத்தின் மேல் பூஞ்சை, பட்டுச் சேலையில் பழுப்புப் புள்ளி, மஞ்சள் கிழங்கில் ஊசித் துளை. இவற்றில் ஒன்றையாவது பார்க்காத வீடு நம் வளாகத்தில் இருக்காது. எங்கள் வீட்டில் சென்ற ஆண்டு ஒரு பட்டச் சான்றிதழே போனது. அதற்குக் காரணம் தேடியபோது உருப்படியான விடை கிடைத்த இடம் சுருட்டின் வரலாறு. புகைப்பது உடலுக்குக் கேடு, அதில் இரண்டாவது பேச்சே இல்லை. நான் சொல்ல வருவது, சுருட்டைக் கெடாமல் வைக்க மனிதர்கள் பட்ட பாட்டைப் பற்றித்தான்.

கதை நம் ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்குகிறது. பரங்கியர் என்று நம்மவர்கள் அழைத்த போர்ச்சுக்கீசியர் இந்த ஊருக்கு வைத்த பெயர் போர்ட்டோ நோவோ. 'புதிய துறைமுகம்' என்று பொருள். அமெரிக்கக் கண்டத்துப் புகையிலையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. 1604 வாக்கில் பிஜப்பூரிலிருந்து அக்பரின் அரண்மனைக்கு அது ஒரு புதுமைப் பொருளாகப் போய்ச் சேர்ந்தது. இலை கடல் கடந்து இங்கே வந்தது. சொல் இங்கிருந்து கடல் கடந்து போனது. ஆங்கிலத்தில் 'ஷெரூட்' என்பது நம் 'சுருட்டு'தான்.

19ஆம் நூற்றாண்டில் திருச்சிச் சுருட்டு லண்டன் வரை பெயர் பெற்றிருந்தது. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே, சாம்பலைப் பார்த்து 'இது திருச்சிச் சுருட்டு' என்று துப்பறிவாளர் சொல்கிறார். திண்டுக்கல்லில் ஸ்பென்சர் நிறுவனத்தின் சுருட்டுத் தொழிற்சாலை நடந்தது. அந்த வட்டாரத்து வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையமும் உண்டு.

பாடம் செய்த புகையிலை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். காற்று உலர்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடும். லண்டன் குளிர்காலத்தில் கணப்பு மூட்டிய அறையின் காற்று வறண்டு கிடக்கும். அங்கே சுருட்டு காய்ந்து மேல் இலை வெடிக்கும். நம் கடற்கரையில் அதே சுருட்டு பூசணம் பிடிக்கும். ஆக, அவர்களுக்கு வேண்டியது ஈரம் சேர்க்கும் பெட்டி. நமக்கு வேண்டியது ஈரத்தைத் தடுக்கும் பெட்டி.

'எழுபதுக்கு எழுபது' என்று ஒரு பழைய கணக்கு உண்டு. ஈரப்பதம் 70 சதவீதம், வெப்பம் 70 டிகிரி பாரன்ஹீட், அதாவது நம் கணக்கில் 21 டிகிரி செல்சியஸ். இன்று பலர் 65 சதவீதமே போதும் என்கிறார்கள். இதில் ஈரத்தைப் போலவே வெப்பமும் முக்கியம். அதற்குக் காரணம் ஒரு சின்னப் பழுப்பு வண்டு. புகையிலை வண்டு என்று பெயர் இருந்தாலும் மஞ்சள், மல்லி, மிளகாய்த்தூள், பழைய புத்தகம் எதையும் அது விடாது. 30 டிகிரி வெப்பம் அதற்கு மிகவும் பிடித்தமானது; குளிர்ந்த இடத்தில் அதன் வளர்ச்சி மந்தமாகிவிடும். உங்கள் மஞ்சள் கிழங்கில் துளை போடுவது பெரும்பாலும் இந்த வண்டுதான்.

பெட்டியின் மரத்துக்கும் ஒரு கதை உண்டு. 'ஸ்பானிஷ் சீடர்' என்னும் மரத்தில் சுருட்டுப் பெட்டி செய்வார்கள். பெயர்தான் சீடர், உண்மையில் அது வேம்பின் குடும்பம். நம் நாட்டில் அதன் உறவான சந்தன வேம்பில் சுருட்டுப் பெட்டியும் தேயிலைப் பெட்டியும் செய்தார்கள். மரம் ஈரத்தை வாங்கி வைத்து மெல்ல விடுவதால், உள்ளே ஏற்ற இறக்கம் குறையும்.

ஈரத்தை அளக்கும் கருவியை 1783இல் சுவிட்சர்லாந்தின் சோசூர் மனிதத் தலைமுடியைக் கொண்டு செய்தார். ஈரத்தில் முடி நீளும், வறட்சியில் சுருங்கும். 1902இல் அமெரிக்காவின் வில்லிஸ் கேரியர் முதல் நவீன ஏசியை வடிவமைத்ததும் மனிதர் சுகத்துக்காக அல்ல. புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரம் குடித்து விரிந்து, வண்ணங்கள் இடம் மாறி விழுந்தன. அதைச் சரிசெய்யவே அது பிறந்தது.

அந்த ஏசியே நம் வீட்டில் ஈரத்தைக் கொண்டுவரவும் கூடும். 30 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 21 கிராம் நீர் இருக்கும். 20 டிகிரிக் காற்றோ அதிகபட்சம் 17 கிராம்தான் தாங்கும். ஏசி ஓடிக் குளிர்ந்த சுவரில் வெளிக்காற்று பட்டால், மிச்ச நீர் அங்கேயே வேர்க்கும். சுவரோடு ஒட்டிய அலமாரியின் பின்பலகையில் பூஞ்சை வருவது இப்படித்தான்.

இனி நாம் செய்யக்கூடியவை. கடையில் கிடைக்கும் சிறிய ஈரமானி ஒன்று வாங்குங்கள். அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க நம் சமையல் உப்பே போதும். ஒரு பாட்டில் மூடியில் உப்பைக் கொட்டி, கரையாத அளவுக்குச் சில சொட்டு நீர் விட்டுக் குழையுங்கள். ஈரமானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத உறையில் ஒரு நாள் மூடி வையுங்கள். ஊறிய உப்பின் மேலுள்ள காற்று 75 சதவீதத்தில் நிற்கும். கருவி 71 காட்டினால், இனி எப்போதும் 4 கூட்டிப் படியுங்கள். சுருட்டு வைத்திருப்பவர்கள் உலகெங்கும் செய்யும் சோதனை இது.

பிறகு அந்தக் கருவியை அலமாரியில் வையுங்கள். மழைக்காலக் காலைகளில் இங்கே வெளிக்காற்று 80ஐத் தாண்டுவது வழக்கம். சுருட்டுக்கு ஏற்ற 70 என்பது பூஞ்சை முளைக்கும் எல்லை. பத்திரம், சான்றிதழ், பழைய படங்களுக்கு 50ஐ ஒட்டி இருப்பதே நல்லது. இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு அவற்றை வையுங்கள். அலமாரியை வெளிச்சுவரிலிருந்தும் குளியலறைச் சுவரிலிருந்தும் நாலு விரல் தள்ளி வையுங்கள். மஞ்சளையும் மல்லியையும் நன்றாக வெயிலில் காயவைத்து, ஆறியபின் மூடுங்கள்.

வெளியூர்க்காரர் சொன்ன எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நம் அலமாரிக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் அளந்து பார்ப்போம். இந்த மழைக்கு முன் அளந்து, எந்தத் தளம், எந்தத் திசைச் சுவர் என்பதோடு சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். எந்தச் சுவர்களில் ஈரம் அதிகம் என்பது தெரிந்தால், அடுத்த வெள்ளைப் பூச்சுக்கு முன் அவற்றைச் சரிசெய்யச் சொல்லலாம்.