இலக்குச் சிகிச்சையும் மலையக மருத்துவப் பயிற்சியின் வரலாறும்

மருத்துவ வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரலாறாக மாத்திரம் எழுதுவது வழக்கமாகியுள்ளது. அவ்வறிவு யாருக்கு, எம்மொழியில், எதன்பொருட்டுப் பயிற்றப்பட்டது என்று வினவும்போதே அது சமூக வரலாறாகின்றது. சுவாசப்பைப் புற்றுநோய்க்கான இலக்குச் சிகிச்சையைக் கொத்மலைத் தேயிலைத் தோட்டங்களில் நின்று நோக்குவோர் இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது.

இவ்வகையில் 1872 ஆம் ஆண்டு கருத்தூன்றத்தக்கது. சாமுவேல் கிறீனின் 'மனுஷ அங்காதிபாதம்' அவ்வாண்டில் வெளிவந்தது. மானிப்பாயில் அவர் தமிழிலேயே வைத்தியர்களைப் பயிற்றியமைக்கு மதப்பணி நோக்கம் இருந்தது. ஆங்கிலத்திற் பயின்றோர் அரச வேதனம் நாடி அகல்வர், தமிழிற் பயின்றோர் தம்மக்களிடையே தங்குவர் என்ற நடைமுறைத் தெளிவும் உடனிருந்தது. மலையகக் கோப்பித் தோட்டத் தொழிலாளருக்கான மருத்துவச் சட்டம் தோன்றியதும் அதே ஆண்டிலாகும். ஆயின் அதன் அடிப்படை வேறு. தோட்டத்திற்கு வேண்டிய உழைப்புச் சக்தி குன்றாது பேணப்படவேண்டும் என்பதே அது.

1912 இன் சட்டங்கள் இவ்வேற்பாட்டை விரித்தன. தோட்ட டிஸ்பென்சர் இம்முறையின் அடிநிலை அலுவலரானார். 1916 முதல் றொக்பெல்லர் நிறுவனம் நடத்திய கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கமும் இத்தர்க்கத்தை மீறவில்லை. சோகையால் உழைப்புக் குறைவதைக் கண்டு புழு நீக்கும் மருந்தை ஏற்ற நிர்வாகங்கள், மலசலகூடம் அமைக்கும் செலவிற்குத் தயங்கின. உற்பத்தியைத் தடுக்கும் நோய்க்கு மருந்துண்டு. வாழ்க்கைநிலை மாற்றத்திற்குப் பணமில்லை. பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட 1948, தோட்டங்கள் தேசியமயமான 1975, முகாமை தனியார்வசமான 1992 ஆகிய கட்டங்களைக் கடந்தும் இதன் தடம் முற்றாக அழியவில்லை.

இத்தர்க்கத்தின் பார்வைக்குப் புறம்பானது புற்றுநோய். அது பெரும்பாலும் உழைத்து ஓய்ந்த பருவத்தில் வருவது. லயன் அடுப்பின் விறகுப்புகையில் வாழ்ந்த, புகைபிடியாத முதிய கொழுந்துபறிப்பவரின் இருமல் சயரோகமாகவோ ஆஸ்துமாவாகவோ கருதப்பட்டுவிடலாம். ஆயின், கலவளர்ச்சியைத் தூண்டும் ஈ.ஜி.எப்.ஆர். என்னும் வாங்கியின் பரம்பரையலகு விகாரம், புகைபிடியாத ஆசியப் பெண்களின் சுவாசப்பைப் புற்றுநோயிலே மிகுதியாகக் காணப்படுகின்றது.

2004 இல் இவ்விகாரத்திற்கும் ஜெபிட்டினிப் குளிசையின் பயனுக்குமுள்ள தொடர்பு வெளிப்பட்டது. கிழக்காசியாவில் நடந்து 2009 இல் வெளியான ஆய்வொன்று மேலும் ஓர் உண்மையை உணர்த்திற்று: விகாரமுடையோருக்கு வழமையான இரசாயனச் சிகிச்சையினும் குளிசை சிறந்தது, விகாரமற்றோருக்கோ அதனினும் தாழ்ந்தது. எனவே பரிசோதனையின்றி மருந்தில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இவ்வகை மருந்தை அத்தியாவசியப் பட்டியலிற் சேர்த்தமையும் இந்நிபந்தனையுடனேயாம்.

இதனாற் பயிற்சி என்பது நிபுணர் ஒருவரின் அறிவாக நின்றுவிட முடியாது. போதிய இழையம் எடுப்போர், அதனைப் பழுதின்றிப் பேணுவோர், விகாரத்தைக் கண்டறியும் ஆய்வுகூடத்தார், மருந்தாளர், தாதியர் யாவரும் ஓரணியாதல் வேண்டும். அவ்வணி கண்டியிலோ மகரகமையிலோ முடிவதன்று. குளிசையுடன் நோயாளி திரும்புவது லயனுக்கே. தோற்படை கண்டு அவர் மருந்தை நிறுத்திவிடலாம். திடீரென மூச்சுத்திணறல் மிகுந்தால் அது சுவாசப்பை அழற்சியாகிய ஆபத்தாகலாம். முன்னதற்கு வைத்தியர் ஆலோசனையின்றி நிறுத்தலாகாது; பின்னதற்கு உடனே வைத்தியசாலை செல்லல் வேண்டும். இவ்வேறுபாட்டை அவர் மொழியில் உணர்த்தவல்ல தோட்ட மருத்துவ உதவியாளரும் அணியின் உறுப்பினரே. அவரை விலக்கிய பயிற்சி, நோயறிதல் தாமதிக்கும் இடத்தையும் சிகிச்சை தடைப்படும் இடத்தையும் தொடாத பயிற்சியாகும்.

தூரமும் மலைப்பாதையும் தடையென்பர். 1985 இல் செயற்படத் தொடங்கிய கொத்மலை அணைக்கு சுவீடனின் நிதியும் பொறியியலறிவும் அதே மலைப்பாதையில் வந்தன. அரசும் மூலதனமும் வேண்டியபோது உயர்தொழினுட்பம் மலையேறியது. ஆதலின் தடை புவியியலன்று. உழைப்பு முடிந்தபின்னும் தொழிலாளியின் உயிருக்குப் பெறுமதி உண்டென்ற கோட்பாடு மருத்துவப் பயிற்சியின் அடிப்படையாகாமையே அத்தடை. அதனை நீக்கக் கோருவது மருத்துவரின் பணி மாத்திரமன்று, தொழிற்சங்கங்களின் பணியுமாகும்.