படுகளம்

படுகளம் என்பது, வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதப் போரின் பதினெட்டாம் நாளை ஊர்மக்களும் கூத்துக் கலைஞர்களும் சேர்ந்து திறந்தவெளியில் நிகழ்த்திக் காட்டும் சடங்காகும். பழைய போரொன்றை உடை, படைக்கலம், மோதல் ஆகியவற்றோடு மீண்டும் நடத்திக் காட்டுவது மேலைநாடுகளில் பொழுதுபோக்காக வளர்ந்திருக்க, எலவனாசூர்கோட்டை, உளுந்தூர்பேட்டை, திருக்கோவிலூர் முதலிய ஊர்கள் அடங்கிய நடுநாட்டில் அது காப்புக் கட்டி நோன்பிருந்து ஏற்கும் கடமையாக நிலைத்திருக்கிறது.

பாரதத்தை மக்கள் கூடியிருந்து கேட்கும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழையது. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கெனப் பங்கு ஒதுக்கியதைக் குறிப்பிடுகிறது. களத்தில் காட்டப்படும் கதைக்கு ஆதாரமான நூலும் நடுநாட்டின் பிள்ளையே. திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்த வில்லிபுத்தூரார், வக்கபாகை வரபதியாட்கொண்டான் என்னும் குறுநிலத் தலைவனின் ஆதரவில் பாடிய வில்லிபாரதமே இன்றும் விழா நாட்களின் பகற்பொழுதில் பிரசங்கியாரால் விரித்துரைக்கப்படுகிறது. இவ்வாறு, இடைக்காலத்தில் இம்மண்ணில் எழுந்த நூல் ஒன்று, ஏட்டறிவு இல்லாதவர்க்கும் பகலில் செவிவழியாகவும் இரவில் கூத்தாகவும் எட்டிவிடுகிறது. திரௌபதி வழிபாட்டின் தாய்நிலமாகச் செஞ்சியை அடுத்த மேலச்சேரியை அடியார்கள் கருதுகின்றனர். இவ்வழிபாட்டை விரிவாக ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டபெய்டலின் முதல் தொகுதி 1988இல் வெளியாயிற்று.

கொடியேற்றத்துக்குப் பின் நிகழ்ச்சிகள் கதையின் வரிசையிலேயே செல்கின்றன. அருச்சுனன் தபசின்போது, அருச்சுனன் வேடமணிந்தவர் நெடிய தபசு மரத்தின் உச்சிவரை பாடியபடியே ஏறி, அங்கிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் எறிவார். பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் கீழே அவற்றை மடியில் ஏந்துவர். இறுதி நாளில், கோயிலருகே மல்லாந்து கிடக்கும் நிலையில் துரியோதனனின் பேருருவம் மண்ணால் வனையப்படும். வீமனும் துரியோதனனும் அதைச் சுற்றி ஓடியும் அதன்மேல் ஏறியும் பொருதுவர். மக்கள் கூட்டம் இருபுறமும் நகர்ந்து நகர்ந்து தானே போர்க்களமாகிவிடுகிறது. வீமன் உருவத்தின் தொடையைப் பிளந்தபின், குருதியாகக் கருதப்படும் செந்நீரைக் கொண்டு திரௌபதியின் விரிந்த கூந்தல் முடிக்கப்படுகிறது. துரியோதனன் மனைவி பெருந்திருவாளின் ஒப்பாரி இதில் தனிச் சிறப்புடையது. வென்றவர் பக்கம் நின்று விழா எடுக்கும் ஊர், தோற்றவன் வீட்டுத் துயரத்துக்கும் களத்தில் இடம் தருகிறது. அன்று மாலை தீமிதியும், அதன்பின் தருமர் பட்டாபிசேகமும் நடைபெறும்.

இதே போரின் மற்றொரு முகம், கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் சித்திரை மாதம் வெளிப்படுகிறது. அங்கு கூத்தாண்டவராக வணங்கப்படும், அருச்சுனன் மகனான அரவானின் களப்பலி, அதாவது வெற்றி வேண்டிப் போருக்கு முன் கொடுக்கும் உயிர்ப்பலி, ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே இடம்பெறுகிறது. திருநங்கையர் அரவானை மணந்து தாலி ஏற்று, மறுநாள் தேர் களம் சேர்ந்தபின் தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளுடை உடுத்துகின்றனர்.

போரை மீண்டும் நடத்திக் காட்டும் மேலைநாட்டுப் பொழுதுபோக்கின் வரலாற்றில் ஸ்காட்லாந்தின் எக்லிண்டனில் 1839இல் நடந்த வீரவிளையாட்டு விழா முன்னோடியாகச் சுட்டப்படும். கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1966இல் தொடங்கிய அத்தகைய முயற்சி ஒன்று பெரிய சங்கமாக வளர்ந்தது. போலந்தில் 1410இல் நடந்த கிருன்வால்டு போர், ஆண்டுதோறும் அதே களத்தில் நிகழ்த்தப்படுகிறது. அங்கெல்லாம் கவசத்தின் இணைப்பும் துணியின் நெசவும்கூட அக்காலத்துக்குப் பொருந்த வேண்டும் என்பதில் கவனம் மிகுதி. படுகளத்தில் வீமனின் மரக்கிரீடமும் புஜக்கட்டையும் கூத்து மரபுக்குரியவை. எக்காலத்துப் படைவீரனும் அவற்றை அணிந்ததில்லை. ஆயினும் எந்த நிகழ்ச்சிக்குப்பின் எது, யார் யாரை எங்கே வீழ்த்த வேண்டும் என்ற ஒழுங்கு தளர்வதில்லை. துல்லியம் என்பதை உடையில் மட்டுமே தேடுவோர் இம்மரபைக் குறைத்து மதிப்பிட நேரும்.

கொங்கு நாட்டிலும் மணப்பாறைப் பகுதி வீரப்பூரிலும் படுகளம் பாரதத்தைச் சார்ந்ததன்று. அங்கு அண்ணன்மாரான பொன்னர், சங்கர் மாய்ந்த களமே மாசி விழாவில் எழுப்பப்படுகிறது. மாண்டவராக மண்ணில் சாய்ந்து கிடப்போர் தங்கையின் அருளால் எழுவதாக நடத்தப்படும் அக்கதையை, 1965இல் மானிடவியலாளர் பிரெண்டா பெக் ஒலிப்பதிவு செய்தார்.